கல்லீரல் மரபணுக்கள் மாறவே மாறாதா? மனிதனிலிருந்து லாம்ப்ரே வரை ஒரு ஒப்பீடு

குஞ்சுக்கெண்டை · பிப்ரவரி 4, காலை 9.10

கல்லீரல் இல்லாமல் எந்த முதுகெலும்பியும் பிழைக்காது. அப்படியானால் அதில் வேலை செய்யும் மரபணுக்களும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பது என் வாதம். மனிதக் கல்லீரலில் அதிகம் வெளிப்படும் 150 மரபணுக்களை எடுத்து, சுண்டெலி, நாய், பூனை, ஆப்பிரிக்க யானை, டால்ஃபின், ஒபாசம் (பைப்பாலூட்டி), கோழி, ஜெனோபஸ் தவளை, ஜீப்ரா மீன், ரோகு (கெண்டை வகை), லாம்ப்ரே (தாடையில்லாத மீன்) ஆகியவற்றோடு ஒப்பிடுகிறேன். மூன்று இடத்தில் இடிக்கிறது. ஜீப்ரா மீனில், கல்லீரல் ரத்தத்தில் விடும் முக்கியப் புரதமான அல்புமினே கிடைக்கவில்லை. ரோகு கல்லீரலின் ஆர்என்ஏ தரவில் கணையத்தின் செரிமான என்சைமான டிரிப்சின் உச்சத்தில் நிற்கிறது. டிஎன்/டிஎஸ் (புரதத்தை மாற்றும் டிஎன்ஏ மாற்றங்களுக்கும் புரதத்தை மாற்றாத ஒத்த மாற்றங்களுக்கும் உள்ள விகிதம்) சிலவற்றுக்கு 0.001, சிலவற்றுக்கு 99. எங்கே பிசகு?

பழைய பைப்பெட் · பிப்ரவரி 4, மதியம் 1.35

பிசகு பட்டியலிலேயே இருக்கிறது. மனிதக் கல்லீரலிலிருந்து பட்டியல் எடுத்தால் மனிதன் தக்கவைத்தது மட்டும்தான் அதில் வரும். நாம் தொலைத்த யூரிகேஸ் (யூரிக் அமிலத்தை உடைப்பது) வராது, குலோ வராது, மஞ்சள்கருப் புரதமான வைட்டலோஜெனின் வராது. தொலைந்தவற்றை முதலிலேயே கழித்துவிட்டு "எதுவும் தொலையவில்லை" என்று முடிவெடுப்பது எப்படிச் செல்லும்?

சுண்டெலி, கோழி, தவளை, ஜீப்ரா மீன் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மேல்தட்டு 150 எடுங்கள். எல்லாவற்றையும் ஆர்தோலாக் (பொது மூதாதையின் ஒரே மரபணுவிலிருந்து இனங்கள் பிரிந்தபோது வந்த இணை மரபணுக்கள்) குழுக்களாகக் கட்டி ஒன்றாகச் சேருங்கள். குழு எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகும், ஆகட்டும். அதற்குப் பிறகுதான் "மாறியதா" என்ற கேள்விக்கே பொருள் வரும்.

இன்னொன்று. "கல்லீரல் மரபணு" என்பது நிரந்தர முகவரி இல்லை. குலோ வைட்டமின் சி தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் என்சைம். சுறா, ஸ்டர்ஜன், நுரையீரல் மீன், தவளை, ஆமை, பாம்பு எல்லாவற்றிலும் அது சிறுநீரகத்தில் ஓடுகிறது. பாலூட்டிகளில் கல்லீரலுக்கு மாறிவிட்டது. டெலியோஸ்ட் மீன்களில் (ஜீப்ரா மீன், ரோகு, சால்மன் உட்பட பெரும்பாலான எலும்பு மீன்கள்) மரபணுவே இல்லை. பறவைகளில் இரண்டும் உண்டு: பழைய வரிசைகளில் சிறுநீரகம், பாடும் பறவைகள் பலவற்றில் கல்லீரல், சிலவற்றில் எதுவுமில்லை. கல்கத்தாவில் சவுத்ரியும் சாட்டர்ஜியும் 1969இல் பறவைகளை வரிசையாகச் சோதித்துக் காட்டியது இது. நம் தோட்டத்துக் கொண்டைக்குருவியால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது என்பதும் அந்த ஆய்வில் வந்ததுதான். என்சைம் அதே என்சைம், அது வேலை செய்யும் உறுப்புதான் வேறு. டிஎன்/டிஎஸ் இந்த இடமாற்றத்தைக் காட்டவே காட்டாது.

கிளைமரம் · பிப்ரவரி 4, மாலை 6.02

"பாலூட்டிகளில் கல்லீரல்" என்பதில் ஒரு ஓட்டை. பிளாட்டிபஸிலும் எகிட்னாவிலும் குலோ இன்னும் சிறுநீரகத்தில்தான். இடமாற்றம் முட்டையிடும் பாலூட்டிகள் பிரிந்து போன பிறகு நடந்தது. பட்டியலில் ஒபாசம் மட்டும் இருந்தால் இது தெரியாது, பிளாட்டிபஸையும் சேருங்கள். வைட்டலோஜெனினுக்கும் அது தேவைப்படும்.

பழைய பைப்பெட் · பிப்ரவரி 4, இரவு 10.48

சரி, பிளாட்டிபஸ் உள்ளே.

அல்புமினுக்கு வருவோம். தேடல் பிழை இல்லை. ஜீப்ரா மீனில் அல்புமின் மரபணு உண்மையிலேயே கிடையாது. அதே குடும்பத்தில் வைட்டமின் டி-யைச் சுமக்கும் ஜிசி மட்டும் இருக்கிறது. இதை வைத்து "மீன்களுக்கு அல்புமின் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். சால்மனில் இருக்கிறது, அதுவும் இரண்டு. லாம்ப்ரேயில் ஏழு டொமைன் (புரதத்தின் தனி அலகு) கொண்ட நீளமான அல்புமின் இருக்கிறது, நமக்கு மூன்றுதான். ஆக, பழைய மரபணு, சில மீன் கிளைகளில் கழன்றுவிட்டது.

ஒரு பொறி: பழைய ஜீப்ரா மீன் கட்டுரைகளில் "ஆல்ப்" என்ற பெயர் அல்புமினைக் குறிக்காது. அது அல்பினோ மரபணு, நிறமி சம்பந்தப்பட்டது. குறியீட்டுப் பெயரை மட்டும் வைத்து இனங்களை இணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் கல்லீரல் புரதத்துக்கு எதிரே நிறமி மரபணு உட்கார்ந்திருக்கும். பெயரால் இணைக்காதீர்கள், மரத்தால் இணையுங்கள்.

ஜீப்ரா மீனில் கல்லீரல் அடையாளத்துக்கு எஃப்ஏபிபி10ஏ-வைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அது மனிதனில் இல்லை. நமக்கு இருப்பது எஃப்ஏபிபி1. இரண்டும் கொழுப்பமிலத்தைக் கட்டும் ஒரே குடும்பத்துப் புரதங்கள், ஆனால் ஒன்றுக்கொன்று ஆர்தோலாக் அல்ல. பரஸ்பர பிளாஸ்ட் (இரு இனத்திலும் ஒன்றுக்கொன்று மிக ஒத்த வரிசையைத் தேடுவது) மட்டும் ஓட்டினால் இந்த இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

குஞ்சுக்கெண்டை · பிப்ரவரி 5, காலை 7.55

பெயரால்தான் இணைத்திருந்தேன். 99க்கும் இதுதான் காரணமா?

கிளைமரம் · பிப்ரவரி 5, காலை 11.20

பாதி. மீதி, விகிதத்தின் கீழ் எண்ணான டிஎஸ் நிறைவடைந்துபோவது.

மனிதன்–சுண்டெலி இடையே டிஎஸ் சராசரி 0.6 பக்கம். அங்கே கணக்கு நிற்கும். மனிதன்–கோழி பிரிவு 30 கோடி ஆண்டுக்கு மேல், மனிதன்–ஜீப்ரா மீன் 40 கோடிக்கு மேல். அங்கே ஒத்த மாற்றங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்து, எண்ணிக்கை அழிந்துபோயிருக்கும். டிஎஸ் 2, 3-ஐத் தாண்டிய ஜோடியின் விகிதத்துக்கு மதிப்பில்லை. 0.001 வந்தால் "கடும் பாதுகாப்பு" என்று எழுதத் தோன்றும். உண்மையில் கீழே இருக்கும் எண் ஊதிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 99 என்பது பெரும்பாலும் டிஎஸ் பூஜ்யத்தை ஒட்டிய குறுங்கிளையில் வருவது. அது அளவீடே இல்லை, நிரல் தொட்ட எல்லை.

இப்படிச் செய்யுங்கள். ஜோடி ஜோடியாக ஓட்டாதீர்கள். தூரத்தை உடைக்க இடையில் இனங்களைப் போடுங்கள். பாலூட்டிகளுக்குள் 25–30 இனம் ஒரு தொகுப்பு, பறவைகளும் ஊர்வனவும் ஒன்று, கெண்டை இனங்கள் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் டிஎன்/டிஎஸ் பாருங்கள். தொகுப்புகளுக்கு நடுவே புரத அளவிலான மரமும் வேகமும் போதும்.

இனங்களின் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கும் வரிசைப்படுத்தலில்தான் பொய் நேர்மறைகளில் பாதி பிறக்கிறது. கோடான் (மூன்றெழுத்துக் குறி) அடிப்படையில் பிராங்க் நிரல், அல்லது சட்டக நகர்வு (எழுத்து கூடிக் குறைந்து மும்மூன்றாக வாசிப்பது பிசகுவது) இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மேக்ஸ் நிரல். ஒவ்வொரு மரபணுவுக்கும் மிக நீள ஐசோஃபார்மை (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு இனத்தில் மட்டும் கூடுதல் எக்ஸான் (மரபணுவின் குறியீட்டுத் துண்டு) நுழைந்து, அதன் பக்கத்துக் கோடான்கள் தவறாக அடுக்கப்பட்டு, கிளை-தள மாதிரி (ஒரு கிளையில் சில தளங்களில் மட்டும் தேர்வைத் தேடுவது) அதைத் "தேர்வு" என்று சொல்லும். சுண்டெலி ஐசோஃபார்முக்கு எக்ஸான் அமைப்பில் நெருங்கியதை எல்லா இனத்திலும் தேர்ந்தெடுங்கள்.

டிஎன்/டிஎஸ் கணக்கிடும் நிரலான கோட்எம்எல் ஓட்டும் முன் கடைசி நிறுத்தக் கோடானை வெட்டுங்கள். நடுவில் நிறுத்தக் கோடான் வந்தால் முரண்டு பிடிக்கும். மூன்று 'என்' (தெரியாத எழுத்து) போட்டு மறைக்கலாம், ஆனால் அந்த மரபணுவைத் தனிக் கோப்பில் குறித்துவையுங்கள். அதுதான் பின்னால் சுவாரசியமாகப் போவது. கிளை-தளச் சோதனையில் பூஜ்யக் கருதுகோளுக்கு ஒமேகா (டிஎன்/டிஎஸ்) 1 என்று நிலைநிறுத்தி, இரண்டு லாக் நிகழ்தகவுகளின் வித்தியாசத்தை இரட்டிப்பாக்கி, 3.84-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டியதும் வெற்றி இல்லை. நூற்றுக்கணக்கான மரபணு ஓட்டினால் பன்மைச் சோதனைத் திருத்தம் கட்டாயம். மிஞ்சி நிற்பவற்றின் வரிசைப்படுத்தலைக் கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான், மாற்று வழி இல்லை.

பழைய பைப்பெட் · பிப்ரவரி 5, மதியம் 2.15

ரோகு டிரிப்சின்: மாதிரி மாறிப்போகவில்லை. கெண்டைக் குடும்பத்தில் கணையம் தனி உறுப்பாக நிற்பதில்லை. போர்ட்டல் சிரையை ஒட்டிக் கல்லீரலுக்குள்ளேயே பரவியிருக்கும். ஹெபடோபான்கிரியாஸ் என்பது இதைத்தான். டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் நாலும் ஒன்றாக மேலே ஏறியிருந்தால் அது கணையம்தான். நாலின் கூட்டுப் பங்கை ஒவ்வொரு மாதிரிக்கும் கணக்கிடுங்கள், கலப்பு எவ்வளவு என்று புரியும். மாதிரிக்கு மாதிரி பெரிய வேறுபாடு இருந்தால் அந்த மீன் தொகுப்பை வெளிப்பாட்டு ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

ரத்தமும் அப்படித்தான். மீன், தவளை, கோழி மூன்றிலும் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு, ஆர்என்ஏ-வும் தாராளமாக உண்டு. கல்லீரலோ ரத்தம் ஊறிய உறுப்பு. உப்புக் கரைசல் ஏற்றி ரத்தத்தை வெளியேற்றாமல் எடுத்த கோழிக் கல்லீரலில் ஹீமோகுளோபின் மேலே நிற்கும். பாலூட்டி மாதிரியோடு ஒப்பிடும்போது இது பரிணாம வேறுபாடு மாதிரி வேஷம் போடும்.

புதிதாக மாதிரி எடுப்பதாக இருந்தால்: 20–30 மில்லிகிராம் துண்டு போதும். பெரிய துண்டை ஆர்என்ஏலேட்டரில் போட்டால் நடுவில் ஊறாது. சாப்பிட்டுவிட்டு இருந்த விலங்கின் கல்லீரலில் கிளைகோஜன் மண்டியிருக்கும். ஆல்கஹாலில் ஆர்என்ஏ-வோடு சேர்ந்து படிந்து வெள்ளையாகப் பெரிய வில்லை வரும், மகசூல் என்று ஏமாறக் கூடாது. லித்தியம் குளோரைடு 2.5 மோலாரில் மறுபடி படியவைத்தால் ஆர்என்ஏ மட்டும் கீழே வரும். எல்லா விலங்குக்கும் பட்டினி நேரமும் எடுக்கும் வேளையும் ஒன்றாக இருக்கட்டும். பித்த அமிலத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் சிப்7ஏ1 பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி.

கிளைமரம் · பிப்ரவரி 5, மதியம் 2.31

குஞ்சுக்கெண்டை என்று பெயர் வைத்துக்கொண்டு ஹெபடோபான்கிரியாஸைப் பார்த்து மிரளலாமா?

நல்லவேளை ரோகு. அதற்கு 2என் (குரோமோசோம் எண்ணிக்கை) 50, ஜீப்ரா மீன் மாதிரியேதான். சாதா கெண்டை எடுத்திருந்தால் 100. டெலியோஸ்ட்களின் பொது ஜீனோம் இரட்டிப்புக்கு மேல் இன்னொரு இரட்டிப்பு, ஒவ்வொன்றுக்கும் நாலு பிரதி வரை தேட வேண்டியிருக்கும்.

பழைய பைப்பெட் · பிப்ரவரி 7, காலை 8.40

"தொலைந்த மரபணு" பற்றி நீளமாகவே எழுத வேண்டும். உங்கள் பட்டியலில் இருக்கும் விலங்குகளிலேயே நல்ல நல்ல கேஸ்கள் உண்டு.

யூரிகேஸ்: பெரும்பாலான பாலூட்டிகளின் கல்லீரல் யூரிக் அமிலத்தை அலன்டோயினாக உடைக்கிறது. நமக்கு முடியாது, அதனால்தான் கௌட் (யூரிக் அமில மூட்டுவலி). மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் நாலிலும் 33-ஆம் கோடானில் ஒரே நிறுத்தக் குறி. 187-இல் இருப்பது முதல் மூன்றுக்கு மட்டும். கிப்பனில் சேதம் வேறு, தனியாக உடைந்தது. பறவைகளும் யூரிகேஸை இழந்தவைதான், ஆனால் அவை யூரிக் அமிலத்தையே கழிவாக வெளியேற்றுகின்றன. அங்கே இழப்புக்குப் பொருள் வேறு. அதே மரபணுவைச் சுண்டெலியில் நீக்கினால் பாதிக்கு மேல் குட்டிகள் நாலு வாரத்துக்குள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. முதல் கேள்வியில் வந்த "முக்கியம் என்றால் மாறாது" என்ற வாதம் இங்கேயே உதிர்கிறது. முக்கியம் என்பது விலங்கைப் பொறுத்தது.

எச்எம்ஜிசிஎஸ்2: பட்டினியில் கல்லீரல் கீட்டோன் (கொழுப்பிலிருந்து வரும் எரிபொருள்) தயாரிக்கத் தேவையான என்சைம். திமிங்கிலம்-டால்ஃபின் கிளையிலும், யானையிலும் அழிந்த மாஸ்டடானிலும், பழைய உலகப் பழந்தின்னி வௌவால்களிலும் தனித்தனியாகத் தொலைந்திருக்கிறது. 2018இல் வெளியானது. பெரிய மூளைக்குக் கீட்டோன் கட்டாயம் என்ற பாடத்தை யானையும் டால்ஃபினும் சேர்ந்து மறுக்கின்றன.

பான்1: கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் என்சைம். சில ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளின் நச்சு வடிவத்தை உடைக்கும். திமிங்கில இனம், கடற்பசு இனம், சில கடல்நாய்கள் இதைத் தனித்தனியாக இழந்திருக்கின்றன. வயல் மருந்து கலந்த கழிமுகத்தில் வாழும் மானட்டிக்கு (ஒரு கடற்பசு) இது நல்ல சேதி இல்லை.

யூஜிடி1ஏ6: பாராசிட்டமாலைச் செயலிழக்க வைக்கும் கல்லீரல் என்சைம், பூனைக் குடும்பம் முழுக்கச் செத்த மரபணு. பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பதன் வேர் இதுதான்.

சரிபார்ப்பு எப்படி? அக்கம்பக்கத்து மரபணுக்கள் இரண்டும் ஒரே கான்டிக்கில் (தொடர்ச்சியாகத் தொகுத்த டிஎன்ஏ துண்டு) இருக்கின்றனவா, நடுவில் 'என்' வரிசை இல்லையா என்று முதலில் பாருங்கள். அல்புமினுக்கு என்றால் பாலூட்டியில் ஆங்கர்ட்17, ராஸ்எஃப்6 இரண்டும்தான் எல்லைக்கல். நடுவே ஓட்டை இருந்தால் "இல்லை" என்று சொல்ல முடியாது, "தெரியவில்லை" மட்டுமே. நிறுத்தக் குறி தெரிந்தால் மூல ரீடுகளை (கருவி வாசித்த டிஎன்ஏ துண்டுகள்) அந்த இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒற்றை எழுத்து மீள்வரிசையில் நீள-ரீடு தொகுப்புகள் எழுத்தை விழுங்கிப் போலிச் சட்டக நகர்வு உண்டாக்கும். பங்காளி இனத்தில் அதே இடத்தில் அதே சேதம் இருந்தால் வழக்கு முடிந்தது. யூரிகேஸின் 33-ஆம் கோடான் அப்படிப்பட்ட சாட்சி. புரதத்தின் கடைசிப் பத்து சதவீதத்தில் வரும் ஒரே ஒரு நிறுத்தக் குறியை இழப்பாக எண்ணாதீர்கள். இரண்டு வெவ்வேறு எக்ஸானில் இரண்டு சேதமாவது வேண்டும். இதையெல்லாம் கையால் செய்ய முடியாத அளவுக்கு இனங்கள் இருந்தால் மரபணு இழப்பைத் தானாகத் தேடும் டோகா நிரல் ஓட்டலாம். ஆனால் அது "இழப்பு" என்று சொல்வதைத் திறந்து பார்க்காமல் அட்டவணையில் ஏற்ற வேண்டாம்.

கிளைமரம் · பிப்ரவரி 7, காலை 9.05

கோழிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பறவைகளில் "இல்லை" என்று அறிவிக்கப்பட்ட பல மரபணுக்கள் பிற்பாடு ஆர்என்ஏ தரவிலிருந்து வெளியே வந்தன. ஜிசி (மேலே வந்த புரதம் அல்ல, டிஎன்ஏ-வின் ஜி, சி எழுத்துகள்) செறிவு மிக அதிகமான குட்டி குரோமோசோம் பகுதிகளைப் பழைய வாசிப்பு முறை தவறவிட்டதே காரணம். ஜீனோமில் இல்லாவிட்டால் கோழிக் கல்லீரல் ரீடுகளைத் தனியாகத் தொகுத்துத் தேடுங்கள்.

குலோவின் மனித மிச்சம் 8-ஆம் குரோமோசோமில் கிடக்கிறது. 12 எக்ஸானில் பாதிக்கு மேல் காணோம். கினிப் பன்றி இழந்தது தனிக் கதை.

குஞ்சுக்கெண்டை · பிப்ரவரி 9, இரவு 9.30

பட்டியலை மாற்றிக் கட்டியாச்சு. இப்போது கோழி, தவளை, ஜீப்ரா மீன் மூன்றிலும் வைட்டலோஜெனின் எல்லாவற்றையும் அமுக்குகிறது. மற்றவை எல்லாம் பாலூட்டியைவிடக் குறைவாகத் தெரிகின்றன.

பழைய பைப்பெட் · பிப்ரவரி 9, இரவு 11.12

குறையவில்லை. டிபிஎம் (வெளிப்பாட்டை அளக்கும் அலகு) என்பது பங்கு. மொத்தம் எப்போதும் பத்து லட்சம். முட்டையிடும் பருவத்துப் பெண்ணின் கல்லீரல் மஞ்சள்கருப் புரதத்தைக் கொட்டித் தள்ளும்போது மற்றவற்றின் பங்கு தானே சுருங்கும். ஆண் அல்லது இளம் விலங்கின் தரவை எடுங்கள். முடியாவிட்டால் வைட்டலோஜெனினைக் கழித்துவிட்டு, எல்லா இனத்திலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் மரபணுக்களை மட்டும் வைத்து மறுபடி சமன்செய்யுங்கள். நீளமும் இனத்துக்கு இனம் வேறு, அதனால் பொதுவான எக்ஸான் பகுதிகளில் மட்டும் ரீடு எண்ணுங்கள்.

ஆண் மீனிலும் வைட்டலோஜெனின் தெரிந்தால் அது வேறு விஷயம். ஈஸ்ட்ரோஜன் பட்டால் ஆண் கல்லீரலும் அதைத் தயாரிக்கும். ஆற்றில் ஹார்மோன் மாசு இருக்கிறதா என்று அறிய அதையே அளக்கிறார்கள்.

பாலூட்டிக் கதை 2008இல் வந்தது: கோழியில் மூன்று மரபணு, பிளாட்டிபஸில் வேலை செய்வது ஒன்று, மனிதனில் சிதிலம் மட்டும். பால் வந்து நிலைத்த பிறகு மஞ்சள்கரு ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது. பிளாட்டிபஸைச் சேர்க்கச் சொன்ன கிளைமரத்துக்கு இரண்டாவது முறையாக நன்றி.

கிளைமரம் · பிப்ரவரி 10, காலை 10.00

பித்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கல்லீரல் பரிணாமத்தை மூலக்கூறாகவே பார்க்கலாம் என்றால் அது பித்த உப்புதான். கொலஸ்ட்ராலுக்கு 27 கார்பன். பழைய கிளைகள் 27-ஐயும் வைத்துக்கொண்டு பித்த ஆல்கஹாலாக்கிச் சல்பேட் ஒட்டுகின்றன. சுறாவில் சிம்னால், கெண்டை இனத்தில் சிப்ரினால். பாலூட்டிகள் பெராக்சிசோமில் பக்கச் சங்கிலியை வெட்டி 24 கார்பன் அமிலமாக்குகின்றன. ஆனால் இதை நேர்கோட்டில் அடுக்க முடியாது. டெலியோஸ்ட்கள் பலவும் 24-க்கு வந்துவிட்டன, ஜீப்ரா மீனும் ரோகுவும் 27-இலேயே நிற்கின்றன.

ரோகு, கட்லா பித்தப்பையை மருந்து என்று விழுங்கிச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. காரணம் இந்தச் சிப்ரினால் சல்பேட். சமைத்தாலும் போகாது. ஆராய்ச்சிக்கு மட்டும் வெட்டுங்கள்.

லாம்ப்ரே இன்னும் விசித்திரம். உருமாற்றத்தின்போது பித்த நாளங்களும் பித்தப்பையும் மறைந்துவிடும், வளர்ந்ததற்குப் பித்தக் குழாயே கிடையாது. லார்வா வெளியேற்றும் பித்த உப்பை மோப்பம் பிடித்துத்தான் பெரியவை முட்டையிட ஆறு தேடுகின்றன. லாம்ப்ரே தரவு லார்வாவா வளர்ந்ததா என்று பார்க்காமல் பித்தப் போக்குவரத்து மரபணுக்களை ஒப்பிடாதீர்கள்.

பழைய பைப்பெட் · பிப்ரவரி 12, இரவு 8.20

முதல் பதிலில் "முகவரி" என்று சொன்னது போதாது என்று தோன்றுகிறது. இடம் மாறாத மரபணுவிலும் சுவிட்ச் மாறிக்கொண்டே இருக்கிறது. கல்லீரலில்தான் இதற்கு நல்ல தரவு உண்டு. மனிதன், சுண்டெலி ஹெபடோசைட்டில் (கல்லீரல் செல்) நாலு ஒழுங்குபடுத்தும் புரதங்கள் எங்கே ஒட்டுகின்றன என்று 2007இல் பார்த்தபோது, புரதத்தைப் பொறுத்து 41 முதல் 89 சதவீதம் வரை ஒரே இனத்துக்கு உரியவை. 2010இல் மனிதன், சுண்டெலி, நாய், ஒபாசம், கோழி ஐந்தையும் வைத்துச் செய்தார்கள். அதே வகை ஒழுங்குபடுத்தும் புரதமான செப்பா ஒட்டும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஐந்திலும் பொதுவாக நின்றது வெறும் 35.

செல் சூழலா, டிஎன்ஏ வரிசையா என்ற கேள்விக்கு 2008இலேயே அழகான சோதனை. மனிதனின் 21-ஆம் குரோமோசோமைச் சுமக்கும் சுண்டெலியின் கல்லீரலில், சுண்டெலிப் புரதங்கள் அந்தக் குரோமோசோமில் மனிதனில் ஒட்டும் இடங்களிலேயே ஒட்டின. பிறகு 2015இல் 20 பாலூட்டிகளின் கல்லீரலை ஒப்பிட்டபோது புரோமோட்டர்கள் (மரபணுவின் தொடக்கத்தில் உள்ள சுவிட்ச்) நிலைத்திருந்தன, என்ஹான்சர்கள் (தள்ளியிருந்து தூண்டும் சுவிட்ச்) வேகமாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தன.

இத்தனை மாறியும் வெளிப்பாட்டு அளவு தாறுமாறாகப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. உறுப்புகளை ஒப்பிட்ட 2011 ஆய்வில் விந்தகம் மிக வேகம், மூளை மிக மெதுவு, கல்லீரல் நடுவில்.

குஞ்சுக்கெண்டை · பிப்ரவரி 13, காலை 7.15

பாலூட்டித் தொகுப்பில் திருத்தத்துக்குப் பிறகும் நிற்பவை: டிரான்ஸ்ஃபெரின், என்டிசிபி, எல்பிஏ. கல்லீரல் வேலை மாறியதாக எழுதலாமா?

கிளைமரம் · பிப்ரவரி 13, மதியம் 12.50

எழுத வேண்டாம். டிரான்ஸ்ஃபெரின் கல்லீரலில் பிறந்தாலும் போர்க்களம் ரத்தம். பிரைமேட்களில் வேகமாக மாறிய தளங்கள் பாக்டீரியாவின் இரும்புத் திருட்டுப் புரதம் ஒட்டும் முகப்பில் குவிந்திருக்கின்றன. இரும்பு சுமக்கும் வேலை அப்படியே இருக்கிறது. என்டிசிபி பித்த உப்பை உள்ளே இழுக்கும் கதவு, ஹெபடைடிஸ் பி வைரஸ் நுழைவதும் அதன் வழியேதான். மனிதனில் 158-ஆம் இடத்தில் கிளைசின், மக்காக் குரங்கில் அர்ஜினின், அங்கே வைரஸால் ஒட்ட முடியாது. உங்கள் முடிவில் எந்தத் தளங்கள் என்று பார்த்து, புரத அமைப்பில் அவை வெளிமுகப்பிலா, வேலை நடக்கும் குழியிலா என்று குறியுங்கள்.

எல்பிஏ-வைத் தூக்கிவிடுங்கள். ரத்த உறைவைக் கரைக்கும் என்சைமின் முன்வடிவான பிளாஸ்மினோஜெனின் பிரதியிலிருந்து பழைய உலகக் குரங்கு-மனிதக் கிளையில் பிறந்தது அது. சுண்டெலி, நாய்க்கு எதிரே உங்கள் நிரல் எதை ஜோடி சேர்த்திருக்கும்? பிளாஸ்மினோஜெனைத்தான். முள்ளெலியிலும் இதே மாதிரிப் புரதம் உண்டு, ஆனால் அது தனியாக, வேறு கிரிங்கிளிலிருந்து (இந்தப் புரதங்களில் மீள மீள வரும் மடிப்பு) உருவானது. மனிதனிலோ கிரிங்கிள் நாலு வகை-2 ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும், சுமார் 5.5 கிலோபேஸ் மீள்வரிசை, குறு-ரீடு தொகுப்பில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிடும். மீள் கிரிங்கிள்களை வெட்டிவிட்டு, முனையில் உள்ள புரோட்டியேஸ் டொமைனை மட்டும் வைத்துப் பிளாஸ்மினோஜெனோடு சேர்த்து மரம் போடுங்கள், முள்ளெலி பிளாஸ்மினோஜெனும் உள்ளே இருக்கட்டும்.

குஞ்சுக்கெண்டை · பிப்ரவரி 13, இரவு 10.05

மரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பான்1-க்கு டால்ஃபினோடு நீர்யானையையும் சேர்க்கலாமா?

பழைய பைப்பெட் · பிப்ரவரி 13, இரவு 10.22

கட்டாயம். திமிங்கிலக் கிளைக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். அதைப் போடாவிட்டால் சேதம் அந்தக் கிளைக்குள் நடந்ததா, அதற்கு முன்னாலேயேவா என்று பிரிக்க முடியாது. மானட்டிக்கு எதிரே யானை ஏற்கெனவே இருக்கிறது.